நீலப் பையில் இருந்த காஜல்

மேகம் மூடிக்கிடந்த ஒரு காலையில் மாமியார் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார் என்று எழுதிப் போன வாரக் கதையை முடித்திருந்தேன். அதற்கு நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். மழை வரும் நேரத்தில் யாராவது கறுப்புக் கண்ணாடி போடுவார்களா என்று வாசகர்கள் கேட்டார்கள். மறைக்க ஏதாவது இருந்தால் போடுவார்கள்.

மறந்துபோனவர்களுக்காக இரண்டு வரி. மருமகள் ஒரு பியூட்டி பார்லரில் மேக்கப் போடுகிறவள். கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணுக்கு ஒத்திகை பார்க்க மேக்கப் போட்டுவிட்டாள். சில நாளில் அந்தப் பெண்ணின் கண் இமை வீங்கிவிட்டது. அவள் நேராகப் பார்லருக்கு வந்து, "நீங்க மை பென்சிலைத் துடைக்கவே மாட்டீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டுப் போனாள்.

பார்லரை நடத்துகிற அம்மா கண்டிப்பானவர். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவ திரும்ப வரா. அன்னிக்கு எனக்கு ஒரு பதில் வேணும். சரியான பதில் இல்லேன்னா நீ வேற இடம் பார்த்துக்கோ" என்று மருமகளிடம் சொல்லிவிட்டார்.

இன்றுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

மருமகள் தூங்கி எழுந்தபோது இடது கண் திறக்கவில்லை. பீளை ஒட்டியிருந்தது. தட்டுத்தடுமாறிக் குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக் கண்ணாடியைப் பார்த்தாள்.

மேல் இமை ஓரத்தில், முடி முளைக்கிற இடத்தில், சிவப்பாக ஒரு கட்டி. நடுவில் மஞ்சளாக ஒரு சின்ன முனை. விரல் பட்டதும் உயிர் போய் உயிர் வந்தது.

வலியைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். பயம்தான் பெரிதாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு வந்த அதே கட்டி. இந்தக் கண்ணோடு போய் "நான் எல்லாத்தையும் சுத்தமாத்தான் வெச்சிருக்கேன்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பின்னால் வந்து நின்ற கணவன் கண்ணாடியில் எட்டிப் பார்த்தான்.

"அட, பரு மாதிரிதானே இருக்கு? ஒரு அமுக்கு அமுக்கினா வெளிய வந்துடும். இங்க காட்டு."

"கையை எடுங்க முதல்ல! கிரீஸ் கையோட கண்ணு கிட்ட வராதீங்க."

அவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். ஊரில் பாதி லிஃப்ட் அவன் கையால் ஓடுகிறது. குடியிருக்கும் கட்டிடத்தின் லிஃப்ட் மட்டும் ஓடாது. அதைப் பற்றி யாராவது கேட்டால் உடனே பேச்சை மாற்றிவிடுவான்.

"சரி, அமுக்கலை. சாயங்காலம் என்ன சொல்லப்போற?"

"தெரியலையே." அவள் குரல் உடைந்தது. "ஒவ்வொருத்தருக்கும் போட்டு முடிச்சதும் பென்சிலைச் சீவி, ஸ்பிரிட்ல துடைக்கறேன். பிரஷ்ஷை எல்லாம் கழுவிக் காயவைக்கறேன். என் சொந்த மேக்கப்பை வேலைப் பையில கலந்ததே இல்லை. அப்புறம் எப்படி வந்துச்சு?"

அவளுக்கு இரண்டு பைகள் உண்டு. நீலப் பை வேலைக்கு. சிவப்புப் பை அவளுடைய சொந்த உபயோகத்துக்கு. பார்லரில் பூட்டு போடுகிற அலமாரி கிடையாது என்பதால் நீலப் பையையும் தினம் வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறை அலமாரியில் வைப்பாள். இரவே எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடுவாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. இதை நானே சொல்கிறேன்.

சாப்பாட்டு மேஜையில் மாமியார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பஸ் நிலையத்தில் பார்சல் வாங்கும் கவுண்ட்டரில் அவருக்கு வேலை. கணவர் போய்ப் பல வருடம் ஆகிறது. மகனைத் தனி ஆளாகப் படிக்கவைத்தவர். ஐம்பத்தைந்தை நெருங்குகிறார். அதிகம் பேசமாட்டார், அதனால் மருமகளுக்கு அவரிடம் சண்டையும் கிடையாது, பெரிய ஒட்டுதலும் கிடையாது.

மேகம் இன்னும் விலகவில்லை. மாமியார் வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"என்னம்மா, சினிமாவுல நடிக்கப் போறியா?" என்றான் மகன்.

"வெளிச்சம் கூசுது."

"எந்த வெளிச்சம்? நானே லைட் போடலாமானு யோசிச்சிட்டிருக்கேன்."

மாமியார் டீயைக் கையில் எடுத்தார். டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஆவி எழும்பிக் கறுப்புக் கண்ணாடியில் படிந்தது. ஒன்றும் தெரியாமல் அவர் டம்ளரை மேஜையின் விளிம்பில் வைக்கப் போக, மருமகள் பாய்ந்து பிடித்தாள். மாமியார் பழக்கதோஷத்தில் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

துடைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள்.

வலது கண்ணின் மேல் இமை உப்பியிருந்தது. இமையின் நடுவில், ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி, உருண்டையாக ஒரு கட்டி. கீழ் இமை ஓரத்திலும் சிவப்பாக இன்னொன்று தலைகாட்டியிருந்தது.

"அத்தை! எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா. தானா போயிடும்னு விட்டேன்."

"ஆளுக்கு ஒண்ணா?" என்று மகன் சிரித்தான். "உன்கிட்டேர்ந்து இவளுக்கு வந்துச்சா, இவகிட்டேர்ந்து உனக்கு வந்துச்சா?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். மாமியார் அவசரமாகக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கிளம்புங்க அத்தை, ரெண்டு பேரும் கண் டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துடலாம்" என்றாள் மருமகள்.

"எனக்கு வேலை இருக்கு."

"பார்சல் ஒரு மணி நேரம் காத்திருக்கும். கண்ணு காத்திருக்காது."

கண் மருத்துவமனையில் டாக்டர் சுறுசுறுப்பான பெண்மணி. முதலில் மருமகளை உட்காரவைத்தார். பார்வை மங்கலாக இருக்கிறதா, காய்ச்சல் உண்டா, கண்ணை அசைத்தால் வலிக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

"இது சாதாரணக் கண்கட்டி. இமை முடியோட வேர்ல கிருமி புகுந்து சீழ் பிடிச்சிருக்கு. ராத்திரி மேக்கப்போட தூங்குவீங்களா?"

"சில நாள்... அசதியா இருந்தா."

"அழுது கண்ணைக் கசக்கினீங்களா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் மேலே கேட்கவில்லை.

"சுத்தமான துணியை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, மூடின கண்ணு மேல பத்து நிமிஷம் வைங்க. கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை பொறுக்கிற சூடு போதும். ஒரு நாளைக்கு நாலு தடவை. தானா உடைஞ்சு வடியும். அமுக்கவோ குத்தவோ கூடாது."

"கேட்டீங்களா?" என்று மருமகள் மனதுக்குள் கணவனைக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்து மாமியார். டாக்டர் மேல் இமைக் கட்டியை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

"இது வலிக்குதா?"

"முதல்ல வலிச்சது. இப்ப வலி இல்லை. கல்லு மாதிரி இருக்கு."

"இமைக்குள்ள எண்ணெய் சுரக்கிற சின்னச் சின்னச் சுரப்பி இருக்கும்மா. அதுல ஒண்ணு அடைச்சுக்கிச்சு. இதுவும் சூடு கொடுத்தா மெதுவாக் கரையும், கொஞ்ச வாரம் ஆகலாம். கரையலேன்னா சின்னதாக் கீறி எடுத்துடலாம். கீழ இருக்கே, அது மட்டும் புதுக் கண்கட்டி." டாக்டர் பஞ்சை எடுத்தார். "ரெண்டு பேர்ல யார் கண் மேக்கப் போடறது?"

"நான்தான் டாக்டர்" என்றாள் மருமகள். "அத்தை பவுடர்கூடப் போடமாட்டாங்க."

டாக்டர் மாமியாரின் கீழ் இமையை லேசாக இழுத்து, முடியின் வேர் ஓரமாகப் பஞ்சால் ஒரு முறை துடைத்தார். பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பஞ்சு கறுத்திருந்தது.

"அப்போ இது என்ன?"

மாமியார் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் அந்தப் பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கறுப்பு அவளுக்குத் தெரிந்த கறுப்பு. லேசாக நீலம் கலந்தது. கடை கடையாக அலைந்து அவள் வேலைக்கென்று வாங்கி வைத்திருக்கும் காஜல் பென்சிலின் கறுப்பு.

டாக்டருக்கு இரண்டு முகமும் புரிந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார்.

"யார்கிட்டேர்ந்து யாருக்கு வந்துச்சுனு அடிச்சுச் சொல்ல முடியாது. பொதுவா இது அப்படித் தாவுற வியாதி இல்லை. ஆனா ஒரே பென்சில், ஒரே துண்டுனு இருந்தா கிருமி கை மாறலாம். பழைய பென்சிலைத் தூக்கிப் போடுங்க. ஆளுக்கொரு துண்டு வெச்சுக்கோங்க. சரியாகிற வரைக்கும் ரெண்டு பேரும் கண்ணுல ஒண்ணும் போடக்கூடாது. வீக்கம் கன்னம் வரைக்கும் பரவினாலோ, பார்வை மங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்னிக்கே வந்துடணும். அதே இடத்துல திரும்பத் திரும்ப வந்தாலும் காட்டணும்."

ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார்.

களிம்பை வாங்கிக்கொண்டு மருந்துக் கடை வாசலுக்கு வந்தார்கள். அங்கே மருமகள் நின்றாள்.

"சிவப்புப் பையா, நீலப் பையா?"

"நீலம்."

"ஏன் அத்தை? எடுத்ததுதான் எடுத்தீங்க, என்னோடதை எடுத்திருக்கக் கூடாதா?"

"அது உன் சொந்தப் பொருள். கேக்காம அதுல கை வைக்கறது தப்புனு தோணுச்சு. நீலப் பை ஊருக்கே போடறது. நானும் ஊர்ல ஒருத்திதானேனு நினைச்சேன்."

மருமகளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மரியாதை பார்த்தே ஒரு மனுஷி இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்து வைத்திருக்கிறார்.

"எப்பப் போடுவீங்க?"

"காலையில குளிச்சதும். நீ எழுந்துக்கறதுக்கு முன்னாடி. போட்டுட்டுப் பென்சிலைத் துடைச்சுதான் வெப்பேன், என் துண்டுல."

"கட்டி வந்த பிறகுமா போட்டீங்க?"

"ஒரு கண்ணுல மட்டும் போட்டா நல்லாவா இருக்கும்?"

அத்தோடு சிரிப்பு போய்விட்டது. ஆத்திரம் மட்டும் நின்றது.

"ராத்திரி சுத்தம் பண்ணி வெச்சுட்டேங்கற நம்பிக்கையில காலையில நான் பென்சிலைத் திரும்பச் சீவலை அத்தை. நேரா அந்தப் பொண்ணு கண்ணுல போட்டேன். இன்னிக்கு சாயங்காலம் என் வேலை போகப்போகுது. இத்தனை வருஷமா சேர்த்த பேரு போகப்போகுது. உங்களுக்கு எதுக்கு அத்தை இந்த வயசுல மையெல்லாம்?"

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன மறுகணம் அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது வந்ததுதான்.

மாமியார் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நீ கண்டுபிடிச்சுடுவியோனு தினம் பயந்தேன்" என்றார் மெதுவாக. "கண்ணைப் பார்க்கிறதுதானே உன் வேலை. ஒரு நாள்கூட நீ கவனிக்கலை. அதுல எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்துச்சு."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மருமகள் களிம்பும் கையுமாக அங்கேயே நின்றாள். தினம் எத்தனையோ பேரின் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் முகத்தை எப்போது கடைசியாகப் பார்த்தோம் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் பார்லரில் அந்தப் பெண் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் இமையில் வீக்கம் வற்றிச் சின்னச் சிவப்புதான் மிச்சம். கோபம் மட்டும் வற்றவில்லை.

மருமகள் உள்ளே நுழைந்ததுமே அவள் எழுந்துவிட்டாள்.

"பாருங்க, பாருங்க! இவங்க கண்ணுலயும் இருக்கு! இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

பார்லர் அம்மா மருமகளின் இமையைப் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

"சொல்லு. எப்படி வந்துச்சு?"

வழியெல்லாம் மருமகள் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். "யார்கிட்டேர்ந்து வந்துச்சுனு டாக்டராலயே சொல்ல முடியலை" என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. அல்லது உண்மையைச் சொல்லலாம். சொன்னால் நாளைக்கு இந்தப் பார்லர் முழுக்க ஒரே பேச்சாக இருக்கும். மாமியார் திருட்டுத்தனமாக மை போட்டுக்கொண்ட கதையை முடி வெட்ட வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். காலையில் அவரைக் கேட்ட கேள்வியே இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

"அன்னிக்குக் காலையில பென்சிலைச் சீவாம விட்டேன் மேடம். என் தப்புதான்" என்றாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

பார்லர் அம்மா பெருமூச்சு விட்டார். "அப்படின்னா நான் என்ன பண்ண முடியும் சொல்லு. உன் பொருளை எல்லாம் எடுத்து..."

கதவு திறந்தது.

மாமியார் நின்றுகொண்டிருந்தார். புடவைக்கு மேல் போட்ட பார்சல் கவுண்ட்டர் சட்டையை மாற்றாமலே, அதன் பையில் பேனாவோடு வந்திருந்தார். வாழ்நாளில் இப்படிப்பட்ட இடத்துக்குள் அவர் கால் வைத்ததில்லை. சுற்றிலும் கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முகமே அவரைப் பார்த்தது.

"நான் இவ மாமியார்" என்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "இவ பென்சிலை இவளுக்குத் தெரியாம எடுத்து நான் போட்டுக்கிட்டேன். தினமும். கட்டி முதல்ல வந்தது எனக்குத்தான். இவ சுத்தமாத்தான் வெச்சிருந்தா. அசுத்தம் பண்ணது நான்."

முடி உலர்த்தும் மெஷினை யாரோ நிறுத்தினார்கள்.

"அத்தை, எதுக்கு நீங்க..."

"சும்மா இரு." அவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "உனக்குக் கல்யாணம்னு சொன்னாங்கம்மா. அந்த நேரத்துல முகத்துல வலியோட இருந்திருப்ப. மன்னிச்சுடு. டாக்டர் உறுதியாச் சொல்லலை, ஆனாலும் எனக்கு மனசு கேக்கலை."

உப்பிய இமையும் நரைத்த முடியுமாக நிற்கும் ஒருவரிடம் எப்படிக் கத்துவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

"உங்களுக்கு... ரொம்ப வலிக்குதா ஆன்ட்டி?" என்றாள் கடைசியில்.

"முதல்ல வலிச்சது. இப்ப இல்லை."

"எனக்கும் சூடு ஒத்தடத்துலதான் சரியாச்சு. விடாம வைங்க." சற்றுத் தயங்கினாள். "எதுக்கு ஆன்ட்டி ஒளிஞ்சு ஒளிஞ்சு போட்டீங்க? எல்லார் முன்னாடியும் போட்டா என்ன?"

மாமியார் மருமகளைப் பார்த்தார். மருமகள் கண் கலங்கியது. கலங்கியதும் கட்டி சுரீர் என்று வலித்தது, அதனால் இன்னும் கலங்கியது.

"கேக்கறவங்க இருக்காங்கம்மா" என்றார் மாமியார். மருமகளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பார்லர் அம்மா கண்டிப்பானவர்தான், கல் நெஞ்சுக்காரர் இல்லை. அலமாரிக்குப் பூட்டு வாங்காமல் விட்டது தன் தப்பு என்று அவரே ஒப்புக்கொண்டார். இனி நீலப் பை வீட்டுக்குப் போகக் கூடாது. இமை சரியாகும் வரை மருமகள் தலை அலங்காரம் மட்டும் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு மேக்கப் போடப்போவது யார் என்பது முடிவாகவில்லை. "கண்ணு சரியானா சொல்லுங்க, பார்க்கலாம்" என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள். மருமகளுக்கு இன்றைக்கு அதுவே போதும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மருமகள் ஒரு கடைக்குள் நுழைந்து வந்தாள். என்ன வாங்கினாள் என்று மாமியார் கேட்கவில்லை.

மூன்று மாடி ஏறி வந்ததும் சோபாவில் இரண்டு பேரும் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு புதுத் துண்டு, ஆளுக்கொரு கிண்ணம். லிஃப்ட்காரன் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெந்நீர் மாற்றும் வேலையை ஏற்றுக்கொண்டான்.

"ஒரு கண்ணுக்குப் பத்து நிமிஷம், இன்னொரு கண்ணுக்குப் பத்து நிமிஷம். இதுக்கு லிஃப்ட் வேலையே தேவலாம்."

"அப்படின்னா கீழ இருக்கிற லிஃப்ட்டைப் பாருங்களேன்" என்றாள் மருமகள்.

"தண்ணி சூடு போதுமா?" என்றான் அவன்.

மருமகள் மூடிய கண்ணோடு பக்கத்தில் கையை நீட்டி, மாமியாரின் கையைத் தேடிப் பிடித்தாள். அதில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தாள். மாமியார் தடவிப் பார்த்தார். நீளமாக, மெல்லிசாக, மூடி போட்டு இருந்தது.

"உங்களுக்கே உங்களுக்கு. கட்டி கரையற வரைக்கும் பிரிக்கக் கூடாது. அப்புறம் நானே போட்டுவிடறேன். நீங்க போட்டது கோணலா இருந்திருக்கும்."

"இல்லை. நேராத்தான் போட்டேன்."

"காலையில நான் கேட்டது தப்பு அத்தை."

மாமியார் பிடித்திருந்த கையை மட்டும் ஒரு முறை அழுத்தினார். துணியிலிருந்து வெந்நீர் சொட்டிக் கன்னத்தில் ஓடியது. வெந்நீர்தானா என்று மகன் குனிந்து பார்த்தான், தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாமியார் மெல்லக் கேட்டார்.

"வர்ற சனிக்கிழமைக்குள்ள இது வத்திடுமா?"

"சனிக்கிழமையா? அன்னிக்கு உனக்கு லீவாச்சேம்மா" என்றான் மகன். "வீட்டுலதானே இருப்ப?"

யாரோ ஒருவர் பார்க்கத்தான் அந்த மை என்று மருமகளுக்குப் புரிந்தது. கண்ணைத் திறக்காமலே காலை நீட்டி, அவன் காலை நன்றாக மிதித்தாள்.

"தண்ணி ஆறிடுச்சு" என்றார் மாமியார். "மாத்திக் கொண்டு வாப்பா."